வயல் வழிக்கு எந்த டயர்?
செஞ்சி வட்டாரப் பிக்கப் வண்டிக்காரர்களுக்குச் சில கணக்குகள்

தை பிறந்து சம்பா அறுவடை மும்முரமாகிவிட்டால், செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் முன்னால் நெல் வண்டிகள் வரிசை கட்டி நிற்கத் தொடங்கிவிடும். செஞ்சி வட்டம் மட்டுமல்ல, மேல்மலையனூர், அவலூர்பேட்டைப் பக்கமிருந்தும் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. ஒரு காலத்தில் இந்த வரிசையில் டயர் பூட்டிய மாட்டு வண்டிகளும் டிராக்டர் டிப்பர்களும்தான் நின்றன. 2005-இல் டாட்டா ஏஸ் வண்டி விற்பனைக்கு வந்தது. நம் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் பொலேரோ பிக்கப், தோஸ்த் என்று பலவும் வந்து சேர்ந்தன. இன்று இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகள் சிலரும் இத்தகைய வண்டி ஒன்றைக் கடனிலோ, கைமாறிய விலையிலோ வாங்கி, தம் விளைச்சலை ஏற்றியதுபோக மீதி நாட்களில் ஊரார் சரக்கை வாடகைக்கு ஏற்றுகிறார்கள்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. அது டயர். எஞ்சின் கோளாறு எப்போதோ ஒரு முறை வருவது. டயர் செலவோ ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரிலும் இருக்கிறது. நான்கு டயர்களையும் ஒரே நேரத்தில் மாற்ற நேர்ந்தால் ஒரு போகத்து மல்லாட்டையில் கண்ட லாபம் அதிலேயே போய்விடக்கூடும். ஆகவே ‘கரடுமுரடான வழிக்கு ஏற்றது’ என்று கடைகளில் காட்டப்படும் ‘ஆல் டெரைன்’ டயர்களை வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கிய பின் எப்படிப் பேணுவது என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்வது நலம்.

வழி எப்படிப்பட்டது?

செஞ்சியில் வண்டி ஓட்டுபவருக்கு ஒரே நாளில் மூன்று விதமான தரை குறுக்கிடுகிறது. முதலாவது, திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் 77-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக் கோட்டைக்கும் இடையில் புகுந்து செல்லும் நல்ல தார் ரோடு இது. இரண்டாவது, குன்றுகளின் அடிவாரத்து வழிகள். இங்கே மண்ணைவிடக் கல்தான் அதிகம். பாறை உடைந்த கூர்முனைக் கற்கள் டயரின் பட்டனைக் கொத்தித் தின்னும். மூன்றாவது, ஏரிக்கரையும் வயல் வரப்பையும் ஒட்டிய வண்டிப்பாட்டை. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பாட்டை உளையாகிவிடும். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அம்மாதிரி மழைக்குப் பிறகு எந்த டயரும் வயல் வழியில் உதவாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த மூன்றும் போதாதென்று சீமைக்கருவேல முள் வேறு இருக்கிறது. ஏரி உள்வாயில் வண்டல் எடுக்கப் போகும் வண்டி முள் ஏறாமல் திரும்புவது அரிது.

சாதாரண டயரில் நீளவாக்கில் ஓடும் கோடுகள் இருக்கும். இது தார் ரோட்டுக்கு உகந்தது, ஸ்டீயரிங் இலகுவாகத் திரும்பும், தேய்மானம் குறைவு, டீசலும் மிச்சம். பட்டன் டயரில் கட்டை கட்டையாக ரப்பர் நிற்கும். கட்டைகளுக்கு இடையே அகலமான பள்ளம் இருக்கும். உளையில் இந்தக் கட்டைகள் மண்ணைக் கவ்வும். சக்கரம் சுழலும் வேகத்தில் பள்ளத்திலுள்ள சேறு வெளியே எறியப்படும். ஆல் டெரைன் என்பது இரண்டுக்கும் நடுவிலுள்ளது. கட்டைகள் உண்டு; ஆனால் நெருக்கமாக இருக்கும். கல் குத்துவதையும் கிழிப்பதையும் தாங்குவதற்காகப் பக்கச் சுவரைக் கனமாகச் செய்திருப்பார்கள். எல்லாக் கம்பெனியும் அப்படிச் செய்வதில்லை.

நடுவில் இருப்பதால் நன்மையும் நடுத்தரம்தான். செம்மண் பாட்டையிலும் சரளையிலும் கல் வழியிலும் இது நன்றாக உழைக்கும். பிசுபிசுப்பான களிமண்ணில் ஐம்பது அடி போவதற்குள் பள்ளமெல்லாம் சேறு அப்பி, டயர் உருண்டையான மண்கட்டியாகிவிடும். அப்புறம் அதற்கும் மொட்டை டயருக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நம் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் பின் சக்கரம் இரண்டுக்குத்தான் எஞ்சின் விசை போகிறது. டயரை மாற்றினால் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஆகிவிடாது. காலி வண்டியில் பின்பக்கம் பாரம் இல்லாததால் சக்கரம் சும்மா சுழலும். சேற்று வழியில் காலியாகப் போக நேர்ந்தால் பின் அச்சுக்கு மேலே இரண்டு மூட்டை மண்ணைப் போட்டுக்கொண்டு போவது அனுபவஸ்தர்கள் கையாளும் முறை. செலவில்லாத முறையுங்கூட.

ஏமாறுகிற இடம்

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கத் தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். உதாரணமாக 215/75 ஆர் 15 என்று இருந்தால், டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம். ‘ஆர்’ என்றால் ரேடியல். 15 அங்குல டிஸ்கில் பொருந்தும். இது வரை பெரும்பாலோருக்குத் தெரியும். இதற்குப் பக்கத்தில் 100 எஸ் என்றோ 106 என்றோ ஓர் எண் இருக்கிறதே, அதுதான் உயிரான எண். அந்த டயர் எத்தனை கிலோ தாங்கும் என்பதன் குறியீடு அது. 100 என்றால் 800 கிலோ. 104 என்றால் 900. 106 என்றால் 950. 108 என்றால் 1,000 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிப்பது. அது நமக்கு அவ்வளவு முக்கியமில்லை, நெல் மூட்டையோடு யாரும் 140 கிலோமீட்டர் வேகத்தில் போகப் போவதில்லை.

கடையில் அழகாகத் தொங்கும் ஆல் டெரைன் டயர்களில் பல, ஆட்கள் பயணம் செய்யும் ஜீப் வகை வண்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. அளவு ஒன்றாக இருப்பதால் பிக்கப் டிஸ்கிலும் அவை கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் தாங்கும் பாரம் வேறு. வண்டியோடு வந்த அசல் டயரில் 106 என்று இருந்து, புதிதாக வாங்குவதில் 100 என்று இருந்தால், பின் டயர் இரண்டும் சேர்ந்து முன்பு 1,900 கிலோ தாங்கியது இப்போது 1,600 கிலோதான் தாங்கும். குறைவு 300 கிலோ. 75 கிலோ நெல் மூட்டையாகக் கணக்கிட்டால் சரியாக நான்கு மூட்டை. வண்டிக்காரர் மூட்டையைக் குறைக்க மாட்டார். டயர்தான் சூட்டில் வெடிக்கும். விலை உயர்ந்த டயரைப் போட்டும் இரண்டு மாதத்தில் வெடித்துவிட்டது என்று குறைப்படுவோர் முதலில் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஆகவே விதி இதுதான். அசல் டயரில் உள்ள பார எண்ணுக்குக் குறைந்த எண்ணுள்ள டயரை, அது எவ்வளவு முரட்டுத் தோற்றமாக இருந்தாலும், வாங்கக் கூடாது. சரக்கு வண்டி டயரில் ‘எல்.டி.’ அல்லது ‘சி’ என்ற எழுத்தும், 8 பி.ஆர். என்பது போல அடுக்கின் வலிமையும் குறித்திருக்கும். அதையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். குட்டி யானையின் 12 அங்குலச் சக்கரத்துக்கு ஆல் டெரைன் என்ற பெயரில் அதிகம் கிடைப்பதில்லை. அதன் அளவான 145 ஆர் 12-இலேயே பின்பக்கத்துக்கு ஏற்ற பட்டன் டயராகக் கேட்டு வாங்கலாம்.

பெரிய டயர் போட்டால் வண்டி உயரும், கல் இடிக்காது என்று ஒரு சைஸ் கூட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 215/75-க்குப் பதில் 235/75 போட்டால் சக்கரத்தின் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டரிலிருந்து 733 ஆகிறது. வண்டி உயர்வதோ இதில் பாதி, அதாவது ஒன்றரை சென்டிமீட்டர். இந்த ஒன்றரை சென்டிமீட்டருக்காகக் கிளட்சுக்கு வேலை கூடுகிறது. முழுப் பாரத்தில் மட்கார்டில் டயர் உரசுகிறது. வேகமானியில் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62-க்கு மேல் போகிறது. கம்பெனி அனுமதித்த அளவை மீறினால் விபத்து இழப்பீடு கேட்கும்போது தகராறு வரவும் இடமுண்டு. இது வேண்டாத வேலை.

வாங்கும்போது இன்னும் இரண்டு அடையாளங்களைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒன்று ஐ.எஸ்.ஐ. முத்திரை. நம் நாட்டில் விற்கும் வண்டி டயர்களுக்கு இது கட்டாயம். மற்றொன்று, நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண். 1225 என்று இருந்தால் 2025-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் அந்த டயர் வார்க்கப்பட்டது என்று பொருள். கடையின் மூலையில் மூன்று, நான்கு வருஷம் கிடந்த டயரைப் புதிது என்று அதே விலைக்கு வாங்குவது, பழைய விதையை முளைப்புத் திறன் பார்க்காமல் வாங்குவதற்குச் சமம். ரப்பர் உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் மூப்படையும்.

விலை விஷயத்தில் ஒரு செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. டிராக்டர் டயர், டியூபுக்கு 5 சதவீதம் ஆக்கப்பட்டது. வரி நீங்கலாக 8,000 ரூபாய் மதிப்புள்ள பிக்கப் டயர் முன்பு 10,240 ரூபாய். இப்போது 9,440 ரூபாய். பில் இல்லாமல் வாங்கினால் இந்தக் குறைப்பு வாங்குபவர் கைக்கு வந்ததா, கடைக்காரர் பெட்டியில் தங்கிவிட்டதா என்று தெரியாது. தயாரிப்புக் குறை என்று பின்னால் மாற்றுக் கேட்பதற்கும் பில் வேண்டும்.

டயருக்கு வெளி மாநிலத்தை எதிர்பார்க்க வேண்டிய நிலை நமக்கு இல்லை. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியதுதான் பின்னாளில் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி எனப்படும் எம்.ஆர்.எஃப். ஆனது. அரக்கோணம், பெரம்பலூர், புதுச்சேரி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மதுரை என்று பல இடங்களில் வெவ்வேறு கம்பெனிகளின் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த எண், எந்த வாரம் என்பதே வாங்குபவர் பார்க்க வேண்டியது.

யாருக்குக் கட்டும்?

ஆல் டெரைன் டயர் எல்லாருக்கும் லாபகரமானது அல்ல. ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண டயர் 6,000 ரூபாய், 50,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 12 காசு. ஆல் டெரைன் 8,000 ரூபாய், தார் ரோட்டில் அதன் கட்டைகள் சீக்கிரம் தேய்வதால் 40,000 கிலோமீட்டர் என்றால் 20 காசு. ஒரு டயருக்கு 8 காசு அதிகம். நான்கு டயருக்கு 32 காசு. வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 4,800 ரூபாய். இத்துடன் நிற்கவில்லை. கனமான டயர் டீசலையும் சற்றுக் கூடக் குடிக்கும். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி பதின்மூன்றரை கொடுத்தால் வருஷத்தில் 40 லிட்டர் அதிகமாகும். லிட்டர் 90 ரூபாய் என்றாலே 3,600. ஆக மொத்தம் 8,400 ரூபாய்.

இந்த 8,400 ரூபாயை எதிலிருந்து மீட்பது? வழியில் சிக்கி டிராக்டரை வரவழைத்துக் கட்டி இழுத்த கூலி, கல் கிழித்துப் பாதியிலேயே தூக்கிப் போட்ட டயர், வாடகை போன நாட்கள், ஏற்று கூலி ஆட்கள் சும்மா உட்கார்ந்த நேரம் ஆகியவற்றை ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பார்க்க வேண்டும். அடிவாரக் கிராமங்களில் தினமும் கல் வழியில் ஏறி இறங்கும் வண்டிக்கு இது எளிதில் கட்டிவிடும். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும், அல்லது விழுப்புரத்துக்கும் காய்கறி ஏற்றிப் போய் வரும் வண்டிக்குக் கட்டாது. மாதத்தில் நான்கைந்து நாள் மட்டும் வயலில் இறங்கும் வண்டிக்கும் கட்டாது. அத்தகைய வண்டிக்கு முன்பக்கம் கோடு போட்ட டயரும், பின்பக்கம் பட்டன் டயரும் போதும். கூடுதல் செலவு பாதிக்குப் பாதி குறைந்துவிடும். ஒரே அச்சில் மட்டும் இரண்டு வகையைக் கலக்கக் கூடாது. ரேடியல் ஒரு பக்கம், நைலான் ஒரு பக்கம் என்று போட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துவிடும்.

கைமாறிய டயர், ரீட்ரேடு டயர் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. உள்கட்டு நல்ல நிலையில் இருக்கும்போதே, நம்பிக்கையான பட்டறையில் ரப்பர் ஏற்றினால் பின் சக்கரத்துக்கு அது சிக்கனமானதே. முன் சக்கரத்தில் போடக் கூடாது. பின் டயர் வெடித்தால் வண்டி தடுமாறும். முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது.

பாரமும் காற்றும்

எத்தனை நல்ல டயர் வாங்கினாலும் அதை இரண்டே விஷயம் கொன்றுவிடும்: அதிக பாரம், குறைந்த காற்று. குட்டி யானைக்கு அனுமதித்த பாரம் 750 கிலோ. அதாவது பத்து மூட்டை நெல். கூடத்து வரிசையில் இதன்மேல் எத்தனை மூட்டை இருக்கிறது என்று யாரும் போய் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். வண்டல் மண் ஏற்றும்போது இன்னும் மோசம். ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் ஏற்பாடு 2024-இல் வந்தது, நல்ல காரியம். ஆனால் ஏழு அடி நீளமும் ஐந்து அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ள பெட்டியில் ஒரு அடி உயரத்துக்கு வண்டலை நிரப்பினால் சுமார் 34 கன அடி. ஈர மண் கன அடிக்கு 45 கிலோவுக்குக் குறையாது. ஆக 1,500 கிலோ! நெல்லைப் போலப் பார்வைக்குக் குவிந்து தெரியாததால் பாரம் இரட்டிப்பானது கண்ணில் படுவதில்லை. பெட்டியில் பாதிக்கு மேல் வண்டல் போடக் கூடாது என்பதை ஏற்று கூலி ஆட்களிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. கூடுதல் சரக்கை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்கலாம். ஐந்து மூட்டை அதிகம் ஏற்றிச் சம்பாதித்த வாடகை எந்த மூலைக்கு?

காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவின் ஓரத்திலோ, வண்டிக் கையேட்டிலோ எழுதியிருக்கும். காலிக்கு ஓர் அளவு, முழுப் பாரத்துக்கு ஓர் அளவு. பஞ்சர் கடைக்காரர் கண்ணால் பார்த்து அடிக்கும் காற்று அளவாகாது. சொந்தமாக ஓர் அளவுமானி வாங்கி வைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை காலையில் வண்டியை எடுக்குமுன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் காற்றின் அழுத்தம் கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்குவது தவறு. குறைந்த காற்றில் பாரத்தோடு ஓடும்போது பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. மடிந்து நிமிரும் இடத்தில் சூடு பிறக்கிறது. சித்திரை வெயிலில் தார் ரோடும் சூடாக இருக்கையில் இந்த இரண்டு சூடும் சேர்ந்துதான் டயர் வெடிக்கிறது. டயரின் இரு ஓரமும் தேய்ந்து நடு நின்றால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்து ஓரம் நின்றால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது.

சேற்றில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் பரந்து நின்று பிடிக்கும் என்பது உண்மைதான். காலி வண்டிக்கு மட்டும் அது பொருந்தும். தார் ரோடு ஏறுமுன் மறுபடி அடித்துவிட வேண்டும். அடிக்கும் பம்பு கையில் இல்லாதவர் இறக்கவே வேண்டாம்.

வயலுக்குள் இறங்கலாமா?

புதிய முரட்டு டயர் போட்டவுடன் வரும் முதல் ஆசை, களத்து மேடு வரைக்கும் அல்ல, அறுத்த வயலுக்குள்ளேயே வண்டியை விட்டு மூட்டையை ஏற்றிவிடலாம் என்பது. தலைச்சுமைக் கூலி மிச்சம் என்று தோன்றும். இதில்தான் பெரிய நஷ்டம் ஒளிந்திருக்கிறது.

டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தத்தையே ஒத்தது. டிராக்டரின் பெரிய பின் டயரில் சதுர அங்குலத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து பவுண்டு காற்றுதான் இருக்கும். அதனால் அது மண்ணில் பரந்து நிற்கிறது. பாரம் ஏற்றிய பிக்கப் டயரில் 50 பவுண்டு அளவில் இருக்கும். சிறிய இடத்தில் மூன்று, நான்கு மடங்கு அழுத்தம். மண் ஈரமாக இருந்தால் அந்தத் தடத்தில் மண்துகள்கள் நெருங்கி, காற்றும் நீரும் புகாத இறுகிய பட்டை ஒன்று உண்டாகிறது. நெல்லுக்கு அடிமண் இறுக்கம் ஓரளவு தண்ணீரைத் தேக்க உதவும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் இவ்வட்டாரத்தில் நெல்லுக்குப் பின் மல்லாட்டை போடுகிறவர்கள் அநேகம். பூத்த பின் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும். மண் பொலபொலவென்று இருந்தால்தான் விழுது இறங்கும். சக்கரம் போன தடத்தில் காய் சிறுத்து, பிடுங்கும்போது செடி கையோடு அறுந்து காய் மண்ணிலேயே தங்கிவிடும். பல முறை உழுதாலும் ஆழத்தில் இறுகியது எளிதில் இளகாது. தலைச்சுமைக் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை அடுத்த போகத்தில் இழப்பதில் என்ன சிக்கனம்?

வண்டி பாட்டையிலேயே நிற்கட்டும். அறுவடை இயந்திரம் இறங்கிய வயலானாலும், மூட்டையை வரப்போரம் கொண்டு வந்து சேர்ப்பதே முறை. தவிர்க்க முடியாமல் இறங்கினால், மண் நன்கு காய்ந்திருக்கும்போது, போன தடத்திலேயே திரும்பி வர வேண்டும்.

சிக்கிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது பெரும் பிசகு. சக்கரம் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். சுழலும் டயர் சூடேறி வெடிப்பதும் உண்டு. சரக்கை இறக்கி, சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்ணைச் சரிவாக வெட்டி, தென்னை மட்டை அல்லது சரளையை அழுத்தி வைத்து, முதல் கியரில் மெதுவாக எடுக்க வேண்டும். அந்நேரம் சக்கரத்தின் நேர் பின்னால் எவரும் நிற்கக் கூடாது; கல்லும் மட்டையும் கவண் கல் போல வரும். டிராக்டரில் கட்டி இழுக்கும்போது சங்கிலிக்குப் பக்கத்தில் சிறுவர்கள் வேடிக்கை பார்க்க நிற்பதை முதலில் விரட்ட வேண்டும்.

பேணும் முறை

புது டயரின் மேல்பரப்பு முதல் இருநூறு கிலோமீட்டர் வரை சற்று வழுக்கும். அச்சிலிருந்து எடுக்கத் தடவும் பூச்சு அதில் ஒட்டியிருப்பதே காரணம். அதுவரை மழையில் வேகம் கூடாது. சக்கரம் மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னும் பின்னும் டயர்களை மாற்றிப் போட்டால் நான்கும் ஒரே சீராகத் தேயும். (முன்பக்கம் கோடு, பின்பக்கம் பட்டன் என்று போட்டவர்கள் இடமும் வலமுமாக மட்டும் மாற்றலாம், சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதுவும் கூடாது.) ஸ்டெப்னியையும் கவனிக்க வேண்டும், காற்றில்லாத ஸ்டெப்னியோடு நடு வழியில் நிற்பது நம்மூரில் சகஜமான காட்சி.

ஆல் டெரைன் டயரில் கட்டைகளுக்கிடையே கல் மாட்டிக்கொள்ளும். எடுக்காமல் விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அது உள்ளே இறங்கி, கடைசியில் துணி அடுக்கைத் துளைத்துவிடும். மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வண்டியில் இருந்தால் பத்து நிமிஷ வேலை. சத்தமும் இந்த டயரில் கூடுதல். அதைக் கோளாறு என்று எண்ணி மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம்.

முள் விஷயம் வேறு. டியூப்லெஸ் டயரில் சீமைக்கருவேல முள் ஏறியிருப்பதைக் கண்டால் வயலிலேயே பிடுங்கக் கூடாது. முள் இருக்கும் வரை காற்று மெல்லத்தான் கசியும். பிடுங்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடும். காற்றின் அளவைப் பார்த்துக்கொண்டு மெதுவாக பஞ்சர் கடைக்குப் போய்ப் பிடுங்கலாம். டியூப் உள்ள டயரில் முள் ஒடிந்து உள்ளே தங்கிவிடும்; பஞ்சர் ஒட்டிய பின் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்க்காவிட்டால் மறுநாள் அதே இடத்தில் மறுபடி பஞ்சர். பக்கச் சுவரில் கிழிந்தால் எந்த ஒட்டும் நிற்காது. பாரம் ஏற்றாமல் வீடு வந்து சேர்ந்து, டயரை மாற்றிவிட வேண்டும்.

எப்போது கழிப்பது என்பதற்குச் சட்டமே அளவு சொல்கிறது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரோடு வண்டி ஓட்டக் கூடாது. இதை அளக்கக் கருவி தேவையில்லை. பள்ளத்தின் அடியில் அங்கங்கே சிறு மேடுகள் இருக்கும்; அவை இருக்குமிடத்தைப் பக்கச் சுவரின் மேல் விளிம்பில் ஒரு சிறு முக்கோணக் குறியால் காட்டியிருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. வயல் வழிக்கு இவ்வளவு தூரம் பொறுக்க முடியாது. பள்ளம் பாதியாகும்போதே சேற்றில் அதன் பிடிப்பு போய்விடும். ஆகவே தேய்ந்த ஆல் டெரைன் டயர்களைக் கோடையில் தார் ரோட்டில் ஓட்டித் தீர்த்துவிட்டு, புரட்டாசி முடிவதற்குள் புது டயர் மாட்டிக்கொள்வது இவ்வட்டாரத்து மழைக்கும் அறுவடைக்கும் ஒத்துவரும்.